தாத்தா ஒப்புக்கொள்ளும் எஞ்சின்

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷனான எளாவூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் பிட்ரகுண்டா ஷெட்டில் பயர்மேனாக இருந்தவர். இப்போது கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. பதின்மூன்று வயதுப் பேரன், கடையில் வாங்கிய சீமைப் பொம்மை ஒன்றைப் பார்த்து, கொலுவில் வைப்பதற்காக அட்டையிலும் தகரத்திலும் ஓர் எஞ்சின் செய்தான். முன்னால் கூம்பு மூக்கு ஒட்டி, 'டபிள்யூ.பி.' என்று எழுதியும் விட்டான். தாத்தா மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "நான் கரி போட்ட வண்டி இது இல்லேப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கே தப்பு? நவராத்திரிக்குள் திருத்த முடியுமா?" என்று கேட்கிறார் தாயார்.

தாராளமாக முடியும், அம்மா! மாமனாரைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். பேரனை ஒரு வேலைக்காரனாக மதித்தல்லவா உண்மையைச் சொல்லியிருக்கிறார்?

டபிள்யூ.பி. என்பது 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து முதலில் பதினாறாக வந்து, 1967 வரையில் மொத்தம் 755 ஆகப் பெருகிய எஞ்சின். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸை உங்கள் ஊர் வழியாக இழுத்துச் சென்றது இதுதான். மூக்கைப் பார்த்து நாம் அடையாளம் கண்டுகொள்வோம். பயர்மேனுக்கோ மூக்கு எங்கோ முன்னால் கிடக்கிறது. அவருடைய உலகம் பின்னால்!

எனவே பின்னாலிருந்து தொடங்குங்கள். டிரைவர் நிற்கும் அறையைக் கட்டையால் அடைக்காமல் உள்ளே குடைந்து விடுங்கள். அடுப்பின் கதவு, அதற்கு எதிரே டெண்டரின் கரி, நடுவே நின்று மண்வெட்டி வீச இடம் – இந்த மூன்றும் வேண்டும். தாத்தாவின் விரல் முதலில் அங்கேதான் போயிருக்கும். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். அதை எரிக்க அகலமான அடுப்பு தேவைப்பட்டது. அந்த அடுப்பின் பாரத்தைத் தாங்கத்தான் டபிள்யூ.பி.யின் பின்பக்கம் இரண்டு சிறு சக்கரங்கள். முன்னால் சிறியவை நான்கு, நடுவில் பெரியவை ஆறு, பின்னால் சிறியவை இரண்டு. பொம்மையைப் பார்த்துப் பையன் வெறும் ஆறோடு நிறுத்தியிருப்பான் என்பது என் ஊகம்.

அடுத்தது அகலம். சீமையில் தண்டவாளங்களுக்கு நடுவே 4 அடி 8½ அங்குலம். நம் பிராட் கேஜில் 5 அடி 6 அங்குலம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்தால் 1 3/8 அங்குலம் வரும். பெரிய சக்கரத்தின் குறுக்களவும் மயிரிழை கூடுதலாக அதேதான். எஞ்சினும் டெண்டருமாக ஒன்றரை அடிக்குச் சற்று மேல் நீளும். கொலுப்படி தாங்கும்!

புகைப்போக்கி சிலிண்டர்களுக்கு நேர் மேலே இருக்கட்டும். வேலை முடித்த நீராவி அதன் வழியாக மேலே பாயும்போதுதான் அடுப்புக்குக் காற்று இழுபடுகிறது. அதைப் பாய்லரின் நடுவில் நட்டால் பார்க்க அழகாக இருக்கலாம், நெருப்பு எரியாது.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பெரிய சக்கரங்களைக் கோக்கும் தண்டு ஒரு பக்கம் உச்சியில் இருந்தால், மறு பக்கம் கால் சுற்று தள்ளி இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே நிலையில் ஒட்டினால், இரண்டு பிஸ்டன்களும் ஒரே சமயத்தில் கோடியில் போய் நின்றுவிடும்; அங்கே நின்ற வண்டியை எவ்வளவு நீராவியாலும் கிளப்ப முடியாது. தாத்தா இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் பிடித்துப் பார்த்திருந்தால், தீர்ப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

பெரம்பூர் ஐ.சி.எப். பக்கத்து ரயில் மியூசியத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன. ஒரு நாள் தாத்தாவையும் பேரனையும் சேர்த்து அனுப்புங்கள். ஒருவருக்குக் கண், மற்றவருக்குக் கை. நோட்டுப் புத்தகம் மட்டும் போதும்.

வர்ணம் பையன் இஷ்டம். ஆனால் டெண்டரில் கறுப்புப் பூசிய பஞ்சை வைத்து ஏமாற்ற வேண்டாம். தெருக்கோடி இஸ்திரிக்காரரிடம் நாலு துண்டு கரி வாங்கி, உடைத்துப் போடுங்கள்.