மளிகைச் சீட்டு எங்கே?

அந்நிய சர்க்கார் உப்பின்மேல் விதித்த வரி, குடும்பமொன்றுக்குக் கணக்கிட்டால் அற்பத் தொகையே. ஆயினும் அதை முன்னிட்டே 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ஸ்ரீ ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களை வேதாரணியத்துக்கு நடத்திச் சென்றார். ஏழையின் அடுப்பங்கரையிலிருந்து போகும் காசு சிறிதாயினும் பெரிதே என்பதை அன்று தேசம் உணர்ந்திருந்தது. இன்று அதே அடுப்பங்கரையிலிருந்து பன்மடங்கு பணம் போகிறது. பறிப்பவர் ஒருவருமில்லை, நாமே கொண்டுபோய்க் கொடுத்து வருகிறோம்.

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் கிளியனூரிலுள்ள மளிகைக் கடைகளைக் கவனிப்போர்க்கு இது விளங்கும். கால்படி எண்ணெயும் பருப்பும் வாங்க வந்தவர், கண்ணெதிரே சரஞ்சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் நாலைந்தைக் கிள்ளிக்கொண்டு போகிறார். வரும்போது அவை அவர் நினைவிலேயே இல்லை. இந்தச் சிறு பொட்டல வியாபாரத்தின் முன்னோடிகளில் ஒருவர் நமக்கு அண்டையிலுள்ள கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பது குறிப்பிடத்தக்கது. செல்வர் உபயோகிக்கும் சரக்கு கூலியாளுக்கும் எட்டவேண்டுமென்ற அவர் நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் எட்டும் விலையில் இருப்பதெல்லாம் வேண்டிய பொருளாகிவிடுமா?

மத்திய சர்க்காரின் 2023-24-ம் வருஷத்துக் குடும்பச் செலவுக் கணக்கின்படி, இந்திய கிராமங்களில் தலைக்கு மாதச் செலவு ரூ.4,122. அதில் தானியங்களுக்கு நூற்றுக்குச் சுமார் 5 பங்கு; பானங்கள், பலகாரங்கள், பதனிட்ட உணவுகள் ஆகியவற்றுக்கோ ஏறத்தாழ 10 பங்கு. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதும், டீயும் ஓட்டல் சாப்பாடும் பின்னதில் அடங்குவதும் மெய்யே. அவற்றைத் தள்ளிப் பார்த்தாலும் சோற்றைவிட நொறுக்குத் தீனிக்கு அதிகம் செலவிடும் நிலையை நெருங்கிவிட்டோம் என்பது நம் அபிப்பிராயம்.

முன்னாளில் கிருஹஸ்தர்கள் சாமான் சீட்டு எழுதிக் கடைக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் நிறுத்துக் கட்டித் தருவார். வாங்குவோர்க்கும் சரக்குக்கும் நடுவே ஒரு மேஜை இருந்தது. 1916-ல் அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்ற வர்த்தகர் அந்த மேஜையை அகற்றி, கூடையைக் கையில் கொடுத்து, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாததையும் ஜனங்கள் எடுத்தார்கள். அந்த முறையே இப்போது நம் பட்டணங்களைக் கடந்து சாலையோர ஊர்களுக்கும் வந்திருக்கிறது. கடனுக்குச் சரக்குத் தரும் பழைய கடைக்காரரைப் பத்தாம்பசலி என்று பரிகசிப்பவர்கள், அவர் மேஜை நமக்குச் செய்த காவலை மறந்துவிடுகிறார்கள். (சில்லறை இல்லையென்று மிட்டாயைத் திணிக்கும் வழக்கத்துக்கு மட்டும் நாம் பரிந்து பேசமாட்டோம்.)

ஆகவே சீட்டு மறுபடி வரவேண்டும். தினக்கூலி பெறுவோர் மாதச் சீட்டு எழுத இயலாது. வாரச் சீட்டு எழுதலாம், எழுதத் தெரியாதார் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். பசியோடு கடைக்குப் போகலாகாது. பொட்டலத்தின்மேல் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிடவேண்டுமென இப்போது சட்டமே இருக்கிறது; அதைப் படித்துப் பார்க்கவேண்டும். குழந்தைக்குப் பிஸ்கத்து வாங்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதையும் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

கிளியனூருக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில் உழைப்பவரை நினைத்தே இவ்வளவும் சொல்லுகிறோம். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கினால் அவர்களுக்கு வேலை நின்றுபோகும். அம்மாதங்களுக்காகத் தமிழ்நாடு சர்க்கார் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அளிக்கும் நிவாரணம் ரூ.5,000. வேலையுள்ள எட்டு மாதங்களில் நாள்தோறும் நினையாமல் செலவாகும் பத்து ரூபாயை நிறுத்தினால் ரூ.2,400 மிஞ்சும், அந்த நிவாரணத்தில் இது ஏறக்குறையப் பாதி. கார்த்திகையில் கடைக்காரரின் கடன் நோட்டில் அவ்வளவுக்குப் பற்று எழுத வேண்டியிராது.