கையிலிருக்கும் தொலைபேசியில் ஒலிக்காத நூல்கள்

விழிப்புலனற்றோருக்கு நூல்களை ஒலிவடிவில் வழங்குவது பற்றிப் பேச்செழும்போது, யார் வாசித்துப் பதிவு செய்வது என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது. குரல் கொடுக்க முன்வருவோருக்கு நம்மிடையே என்றுமே பஞ்சமில்லை. கண்டியில் ஏதேனுமொரு தமிழ்ப் பாடசாலையிலோ சங்கத்திலோ அழைப்பு விடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் பத்துப் பேர் வந்துவிடுவர். ஆனால், பதிவு செய்த நூலை அந்த வாசகர் எந்தக் கருவியில் கேட்கப்போகிறார் என்ற கேள்வியை எவரும் எழுப்பக் காணோம். நூல் வாசகரைச் சென்றடைவதா, அலுமாரியில் உறங்குவதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

பிரித்தானியாவில், முதலாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய படைவீரர்களை மனத்திற்கொண்டு, 1935இல் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. பின்னர் ஒலிநாடா வந்தது. அமெரிக்க அரசின் நூலகச் சேவை தன் ஒலிநாடாக்களைச் சாதாரண வேகத்திற் பாதியாகவும் நான்கு தடங்களிலும் பதிந்து அனுப்பியது. நீண்ட நூலைச் சில நாடாக்களில் அடக்கவும், பதிப்புரிமையாளரின் அச்சத்தைத் தணிக்கவும் அது உதவிற்று. கடையில் வாங்கிய கருவியில் அதனைப் போட்டால் விளங்காத இரைச்சலே மிஞ்சும். அங்கே அதனால் பெருந்தீங்கு நேரவில்லை. ஏனெனில் அதற்குரிய கருவியையும் அரசே இலவசமாகக் கடன் கொடுத்தது. நாடாவுடன் கருவியும் வீடு தேடி வராத நாடுகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வாறு பொருந்தும்?

இறுவட்டுக் காலத்தில் வந்தது டெய்சி. சுவீடனில் முளைத்த இந்த முறையை வளர்ப்பதற்கென 1996இல் பன்னாட்டு நூலகங்கள் ஓர் அமைப்பாகக் கூடின. இதன் அருமையை ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தால் உணரலாம். "பக்கம் 87ஐத் திறவுங்கள்" என்கிறார் ஆசிரியர். மற்ற மாணவர்கள் புரட்டிவிடுவர். ஒலிநாடா வைத்திருக்கும் மாணவர் முன்னும் பின்னுமாகச் சுற்றிக்கொண்டிருப்பார், மணியும் அடித்துவிடும். டெய்சி நூலில் ஒலிக்கோப்புகளுடன் அத்தியாயம், உபதலைப்பு, பக்க எண் ஆகியவற்றைக் காட்டும் கோப்புகளும் சேர்ந்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்திப் பக்கம் 87க்குத் தாவலாம். ஒரே இறுவட்டில் நாற்பது மணிநேர வாசிப்பையும் அடக்கலாம். ஜப்பானிய நிதியுதவியுடன் 2003இல் தொடங்கிய 'யாவருக்கும் டெய்சி' திட்டத்தின் வாயிலாக இதன் பயிற்சி இலங்கையையும் எட்டியது.

இடர் கருவியில்தான் இருந்தது. 2007இல் வெளிவந்த கையடக்க டெய்சிக் கருவி ஒன்றின் விலை 300 அமெரிக்க டொலருக்கும் அதிகம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இல் அதனைப் பெற்ற தோட்டத் தொழிலாளியின் கணக்கில், அன்றைய நாணய மாற்றுப்படி அது அறுபது நாட்களுக்கு மேற்பட்ட கூலி. வரியும் தபாற்செலவும் தனி. பழுதடைந்தால் கண்டி நகரில் எந்தக் கடையில் திருத்துவது?

இதற்கிடையில் தொலைபேசி வந்துவிட்டது. 2009இல் ஐபோனிலும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் திரைவாசிப்பான் இடம்பெற்றது. 2020இலும் அடுத்த ஆண்டிலும் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, மலையகத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றேறியது தொலைபேசியைத் தூக்கிக்கொண்டுதான். கடன்பட்டு வாங்கிய அந்தக் கருவியே இன்று விழிப்புலனற்ற பிள்ளைக்கும் நூலகமாக வேண்டும். தனிக்கருவிக்கென நூல் ஆக்குவதை விடுத்து, கையிலிருக்கும் தொலைபேசியில் ஒழுங்காக ஒலிக்கும் நூலை ஆக்குவதே நமக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

'ஒழுங்காக' என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டேன். டெய்சி நூலின் ஒலிக்கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்துத் தொலைபேசியின் பாட்டுப்பெட்டியிற் போட்டால் ஒலிக்கவே செய்யும். ஆனால் பக்கமும் தலைப்பும் போய்விடும். கோப்புகளின் பெயர் பிசகினால் வரிசையும் குழம்பும். கண்ணகி மதுரையை எரித்து முடித்தபின் கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுவான். இதற்கும் தீர்வு உண்டு. டெய்சி நூலை முழுமையாகத் திறக்கும் ஈசி ரீடர் போன்ற செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. டெய்சியின் வசதிகளை உள்வாங்கி 2011இல் வந்த ஈபப் மூன்றாம் பதிப்பிலோ, பார்வையுள்ளவரும் அற்றவரும் ஒரே மின்னூலைத் திறக்கலாம். பதிப்பாளருக்கும் இரட்டை வேலை இல்லை.

ஆகவே கருவித்தடை ஏறத்தாழ நீங்கிவிட்டது. எஞ்சியிருக்கும் தடையைத் தமிழராகிய நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை, அச்சக உலகில் பாமினி எழுத்துருவை அறியாதவர் இலர். பல்லாண்டுகளாக நம் நூல்களும் செய்திகளும் அதிற்றான் தட்டெழுதப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணனியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எனவே பாமினியில் ஆக்கிய நூலை அப்படியே பிடிஎப் ஆக்கி இணையத்தில் இட்டால், பார்ப்பவருக்கு அழகிய தமிழ். கேட்பவருக்கு அர்த்தமற்ற உளறல். யுனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. பாமினியை யுனிகோட்டாக மாற்றும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு முழு நூலைச் சில நிமிடங்களில் மாற்றித் தரும். பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்பது உண்மையே. அது நமக்குப் பழகிய தொழில்தானே?

பழைய நூல்களின் நிலை வேறு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் செய்துவரும் பணி போற்றத்தக்கது. அழிந்திருக்கக்கூடிய எத்தனையோ ஈழத்து, மலையக வெளியீடுகள் அதனால் தப்பின. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். படத்தின் முன் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழையும் ஓரளவு நன்றாகவே வாசிக்கின்றன. ஈயெழுத்தில் மங்கிய அச்சையும், தமிழகத்தில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, லை வடிவங்களையும் கண்டால்தான் தடுமாறும். கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் பலரும் கொள்வது. அதன் பதிப்புரிமை காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. அத்தகைய நூல்களைத் திருத்திய யுனிகோட் பிரதிகளாக்குவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் இவ்வழியிற் சென்று காட்டியிருக்கிறது.

எந்திரக்குரல் இனிமையற்றது என்பர் சிலர். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்குச் செல்லும் விழிப்புலனற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், கட்டுரை நூல்களை எந்திரக்குரலில் இரட்டிப்பு வேகத்திற் கேட்கிறார். எனக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவருக்கு அதுவே வசதி. சிறுகதை என்றால் மட்டும் மனிதக்குரல் வேண்டும் என்கிறார். நியாயந்தான். தோட்டத்துப் பேச்சுமொழியில் வரும் உரையாடலை எந்திரம் கொலை செய்கிறது. குரல் கொடுக்க வரும் அந்தப் பத்துப் பேரையும் நாம் கதைகளுக்கு அனுப்பலாம். பாடநூலும் வரலாறும் யுனிகோட்டில் இருந்தாற் போதும்.

உயிரோடிருக்கும் ஆசிரியர்களின் நூல்களுக்குச் சட்டம் தடை என்ற சாக்கும் வலுவிழந்துவிட்டது. 2013இல் நிறைவேறிய மரகேஷ் உடன்படிக்கை, விழிப்புலனற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றவும் எல்லை கடந்து பகிரவும் வழிவகுத்தது. இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் அதில் இணைந்தன. இந்தியாவில் அதே 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது. 2009இல் அமேசன் நிறுவனம் தன் கிண்டில் கருவியில் நூலை உரத்து வாசிக்கும் வசதியைச் சேர்த்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், பதிப்பாளர் விரும்பினால் அவ்வசதியை முடக்கலாம் என நிறுவனம் இறங்கிவந்ததும் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அப்போது வீதியிலிறங்கிய அமெரிக்க விழிப்புலனற்றோர் இலவச நூல் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் நூலைக் காதாற் படிக்கும் உரிமையையே கேட்டனர்.

கண்டியில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி ஒருவருக்கு, சிறப்புப் பிரதிகள் பலருக்கு, பொன்னாடை மேலும் பலருக்கு. அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்குமாறு எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். நூலின் யுனிகோட் கோப்பைக் கண்டி டி. எஸ். சேனாநாயக்க பொதுநூலகத்துக்கோ, பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ, விழிப்புலனற்ற வாசகருக்கு மட்டும் என்று எழுத்தில் ஒரு வரி குறித்து அதே மேடையில் ஒப்படையுங்கள். அச்சகத்திலிருந்து அந்தக் கோப்பைக் கேட்டு வாங்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.