பணம் போய்விட்டது, டிக்கெட் எங்கே?

தீபத்திற்கு ஊருக்கு வர ரயில் டிக்கெட் பதிவு செய்கிறீர்கள். பெயர், வயதெல்லாம் டைப் செய்து பணமும் கட்டியாகிவிட்டது. வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. ஆனால் திரையில் டிக்கெட் இல்லை! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "ஏதோ தப்பான பட்டனை அழுத்திவிட்டோம்" என்று பயந்துவிடுவார்கள். கவலை வேண்டாம். பெரும்பாலும் தவறு உங்கள் மீதும் இல்லை, உங்கள் கம்ப்யூட்டர் மீதும் இல்லை.

பிறகு எங்கே? ரயில் முன்பதிவு என்பது ஒரே ஒரு சாஃப்ட்வேர் அல்ல. உங்கள் பிரவுசர், ஐ.ஆர்.சி.டி.சி. சர்வர், பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே, உங்கள் வங்கி, ரயில்வேயின் முன்பதிவு சிஸ்டம் என்று பலவும் கை கோத்து நிற்கின்றன. இவை ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியாக வேலை செய்யும். சிக்கல் வருவது ஒன்று மற்றொன்றுடன் பேசும் இடத்தில்தான். வங்கி பணத்தை எடுத்துவிட்டது. அந்தத் தகவல் போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அவ்வளவுதான்!

இப்படிப் பல பகுதிகளை ஒன்றாக ஓட வைக்கும் கலைக்குத்தான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்று பெயர். இது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் ரயில்வேயே சாட்சி. கம்ப்யூட்டர் முன்பதிவு டெல்லியில் 1985-ல் தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தது 1999-ல். இடையில் 14 வருடங்கள்! இண்டர்நெட்டில் டிக்கெட் வந்தது 2002 ஆகஸ்டில். கவுண்ட்டரில் நிற்பவருக்கும் வீட்டில் மவுஸ் பிடித்திருப்பவருக்கும் ஒரே பெர்த்தை விற்றுவிடக் கூடாது அல்லவா? அந்த ஒரு விஷயத்தை நாடு முழுவதும் தவறாமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

எங்கள் திருவண்ணாமலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, கீழே கோவிலில் அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளும் அதே வேளையில், 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடக்கும் பூஜை விவரம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. எந்த அடையாளம் கிடைத்ததும் ஏற்ற வேண்டும் என்பது தெரிந்தால் போதும். இரண்டு சிஸ்டங்களுக்கு இடையே இருக்க வேண்டிய ஒப்பந்தமும் இவ்வளவுதான். ஒப்பந்தம் தெளிவாக இருந்தால், அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம்.

ஆனால் அடையாளம் வந்து சேராவிட்டால் என்ன செய்வது? இதையும் முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் நல்ல சிஸ்டத்தின் லட்சணம் என்பது என் கருத்து. நாம் வேகத்தைத்தான் கொண்டாடுகிறோம். 2014-ல் இணைய முன்பதிவின் திறன் நிமிடத்திற்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200 ஆக உயர்ந்தது. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் பணம் கட்டிவிட்டுத் திகைத்து நிற்பவருக்கு வேகம் பெரிதல்ல. அவருக்குத் தேவை ஒரே பதில்: "என் பணம் இப்போது எங்கே இருக்கிறது?"

டிக்கெட் ஆகட்டும், மின் கட்டணம் ஆகட்டும், பல தளங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு இருக்கும். ஆனால் திரையில் "ட்ரான்ஸாக்‌ஷன் ஃபெயில்டு" என்று மட்டும் வரும். பயந்துபோனவர் மறுபடியும் பணம் கட்டுவார். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். ஏற்கெனவே திணறும் சர்வருக்கும் இரட்டிப்புச் சுமை! பயன்படுத்துபவரும் சிஸ்டத்தின் ஒரு பகுதிதான் என்பதை வடிவமைத்தவர் மறந்ததன் விளைவு இது. "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, இத்தனை நாளில் திரும்பி வரும், மறுபடி கட்ட வேண்டாம்" என்று ஒரு வரி தமிழில் காட்டினால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். நம் கல்லூரிகளும் சி, ஜாவா சொல்லித் தருவதோடு நிற்காமல் இதையும் சொல்லித் தர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பணம் போய் டிக்கெட் வராவிட்டால், உடனே மீண்டும் முயற்சி செய்யாதீர்கள். முதலில் உங்கள் கணக்கில் 'புக்டு டிக்கெட் ஹிஸ்டரி' பகுதியைப் பாருங்கள். டிக்கெட் அங்கே வந்திருக்கலாம். இல்லையென்றால் ட்ரான்ஸாக்‌ஷன் எண்ணைக் குறித்து வையுங்கள். பதிவாகாத டிக்கெட்டுக்கான பணம் பொதுவாகச் சில நாட்களில் உங்கள் கணக்கிற்கே திரும்பிவிடும். வராவிட்டால் புகார் கொடுக்க அந்த எண்தான் உங்களுக்குத் துணை. ஓ.டி.பி. கேட்டு யாராவது போன் செய்தால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!