மேலாளரா, இணைப்பாளரா?

மென்பொருள் துறையிற் பல்லாண்டு நிரல் எழுதிய இளைஞர் பலர், அதனை விட்டுத் 'தொழில்நுட்பத் திட்ட மேலாளர்' என்னும் பணிக்கு மாற விழைகின்றனர். பெற்றோரும் உற்றாரும் அதனை ஒரு படி ஏற்றமென்றே எண்ணி மகிழ்கின்றனர். அவ்வெண்ணம் பெரும்பிழை. பிழைக்குத் தலையாய கரணியம் அப்பெயரிலுள்ள 'மேல்' என்னும் சொல்லே.

ஓர்ந்து பாருங்கள்! இப்பணியாளர்க்குக் கீழே பெரும்பாலும் ஒருவரும் இலர். நிரலாளரின் ஊதியத்தை உயர்த்தவோ அவரைப் பணிநீக்கவோ இவர்க்கு உரிமையில்லை. ஐந்து குழுக்கள் கூடி ஒரு பொருளை ஆக்குங்கால், எக்குழு முடித்தபின் எக்குழு தொடங்கவியலும், எங்கே இடர் முளைக்கும், எவர் முடிவிற்காக எவர் காத்திருக்கின்றனர் என்பவற்றை முன்னுணர்ந்து, எழுதி, கேட்டு, நினைவூட்டி வினையை முடிப்பதே இவர் கடன். கட்டளையிட இயலாதவர் சொல்லாலேயே வெல்லவேண்டும். 'வினையிணைப்பாளர்' என்பதே இவர்க்குப் பொருந்தும் பெயர்.

இவ்வினையின் அருமையை அமெரிக்கரான பிரடெரிக் புரூக்சு நன்குணர்ந்தவர். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த 360 வரிசைக் கணினிகளின் ஆக்கத்தையும், பின்னர் அவற்றின் இயங்குதளப் பணியையும் தலைமையேற்று நடத்தியவர் அவர். அவ்வியங்குதளம் காலந்தாழ்ந்தது. பின்னர்ப் பேராசிரியராகி 1975-இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் மேலும் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்றார். கணக்கு எளிது. ஐவர் கூடினால் இருவரிருவர்க்கு இடையிலான தொடர்புகள் 10, பதின்மர்க்கு 45, இருபதின்மர்க்கு 190. ஆள் இருமடங்காகப் பேச்சு நான்கு மடங்கினும் மிகுகிறது! புதியவர்க்குக் கற்பிக்கும் பொழுதும் பழையவர் கையிலிருந்தே கழிகிறது. இத்தொடர்புகளை நெறிப்படுத்துவதுதான் இணைப்பாளர் தொழில். (என்னிடம் பயின்று இத்துறை புகுந்த சிலர், கட்டுரைப் பயிற்சியை வீணென்று வெறுத்தவர்கள். இன்று பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவதே அவர்க்குப் பிழைப்பு. எழுதட்டும்!)

நிரல் கசந்ததென்று ஓடிவருவோர்க்கு இது புகலிடமன்று. பொறிஞர் ஒருவர் 'இரண்டு நாளில் முடியும்' என்னும்போது, அதனுள் மறைந்துள்ள இருபது நாளை நிரலறிந்த கண்ணே காணும். மற்றொன்றும் உண்டு. நிரலாளர்க்குத் தம் உழைப்பைக் காட்ட, ஓடும் நிரலே சான்றாகும். இணைப்பாளர் நன்கு வினைசெய்தாலோ, ஒன்றும் நிகழாதது போலவே தோன்றும். நிகழாத இடரை எவர் பாராட்டுவர்? அவ்வெறுமையைத் தாங்கும் உள்ளம் இல்லாதார் மாறவேண்டா.

மாற விழைவோர், நிரலெழுதுவதை விடாமலே, தம் குழுவின் சிறுவினை ஒன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஆறு திங்கள் ஏற்றுப் பார்க்கலாம். பிடிக்கவில்லையெனில் அப்போது திரும்புதல் எளிது. நிரலைத் தொடாமல் ஐந்தாண்டு கழிந்தபின் அரிது.

பெற்றோரே, நிரலாளராகவே நரைக்கும் மகனையோ மகளையோ 'தேங்கிவிட்டனர்' என்று இகழாதீர். ஆளை மேய்க்காமல் தலைமைப் பொறிஞராகவே உயரும் வழி இன்று நிறுவனங்கள் பலவற்றில் உண்டு.