வண்டி நம்முடையது, ஓட்டுகிறவன் உயிர் யாருடையது?



பழைய டிராக்டர் ஒன்றுக்கு நாங்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். பன்னிரண்டு குடும்பங்கள், பால்வெட்டுக் கூலியிலும் வெளிக்காட்டுக் கூலியிலும் மிச்சம் பிடித்துக் கூட்டாக வாங்கிய வண்டி. பாட்டன் காலம் தொட்டுத் துரையின் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற கூட்டம், இன்று தன் வண்டிக்குத் தானே சாவி போடுகிறது. பெருமைதான். ஆனால் பெருமை பேச நாங்கள் பேனா எடுக்கவில்லை. சொந்தக்காரர் ஆன முதல் மாதத்திலேயே நாங்கள் செய்த தலைகுனிவான காரியம் ஒன்றைச் சொல்லவே எழுதுகிறோம். எங்களைப் போலவே பழைய டிராக்டர் வாங்க எண்ணும் தோழர்கள் பல தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை மறைப்பது குற்றம்.

‘கூலிக்காரனுக்கு எதற்கடா இயந்திரம்?’ என்று கேட்டவர்கள் உண்டு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளி தோட்டத்தையே வாங்கிக் காட்டினான். டிராக்டர் என்ன, மலையா?

எங்கள் வண்டி மாஸி பெர்குசன் 135. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து 1964 முதல் வெளிவந்த ரகம்; மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். சிறு தோட்டக்காரர்களின் நிரைகளில் புல் வெட்டவும், ஒட்டுப்பால் ஏற்றவும் ஏற்றது. நாங்கள் வாங்கியபோது அது ஓடவில்லை. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. ‘பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்றது ஒரு பட்டறை. அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுப் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று.

முன்பு தோட்டத்து டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். “பம்பு எங்கேயும் போகல. மொதல்ல டாங்கியக் கழுவுங்கப்பா” என்றார். கழுவினோம். அடியில் துருவும் சேறும். பில்டர் அடைத்துக் கிடந்தது. புதிய பில்டர் போட்டோம். டீசல் போகும் வழியில் காற்று புகுந்துவிட்டால் எஞ்சின் உயிர் பெறாது. அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, சிறிய பம்பின் கைப்பிடியைக் கையாலேயே அடித்தார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினார். பிறகு பெரிய பம்பில் அதே வேலை. கடைசியாக, சிலிண்டருக்குப் போகும் குழாய்களின் மரைகளில். சாவி போட்டோம். புகை கக்கிக்கொண்டு வண்டி முழங்கியது! ஆயிரக்கணக்கில் கேட்ட வேலை, பில்டர் விலையோடு முடிந்தது.

இங்கேதான் எங்கள் புத்தி மயங்கியது. வண்டியை ஓட வைக்கும் பாகங்களை எல்லாம் பழுது பார்த்தோம். நிறுத்தும் பாகங்களையும், ஓட்டுகிறவனைக் காக்கும் பாகங்களையும் விட்டுவிட்டோம். கணக்குப் புத்தகம் எங்களிடம்தான் இருக்கிறது; மறைக்க வழியில்லை. சிவப்பு வர்ணம், மாலை, பூசைச் செலவு, முகப்பில் ‘உழைப்பாளர் சொத்து’ என்று எழுதிய கூலி, எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கின்றன. பிரேக் என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை.

வலச் சக்கரத்துக்கு ஒன்று, இடச் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள். சாலையில் போகும்போது இரண்டையும் இணைக்க வேண்டிய கொக்கி காணோம். கியர் நடுநிலையில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆக வேண்டிய வண்டி. அந்த ஏற்பாட்டை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். கியர் விழுந்திருக்கும்போது கீழே நின்று ஸ்குரூ டிரைவரால் தட்டி ஸ்டார்ட் செய்தால், தட்டியவன் மேலேயே சக்கரம் ஏறும். பட்டறையில் பி.டி.ஓ. என்று சொல்லும் பின்புறச் சுழல்தண்டுக்கு மூடி இல்லை. அது நிமிஷத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு ஒன்பது! கைலியின் ஓரம் பட்டால் ‘ஐயோ’ என்று சொல்லவும் நேரம் இராது. ஓட்டுநருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, வண்டி கவிழ்ந்தால் அவரை நசுங்காமல் காக்கும் இரும்புக் காப்பு வளைவு இல்லவே இல்லை.

எங்கள் ஓட்டுநர் தம்பி இவற்றை எல்லாம் முதல் வாரமே சொன்னார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “பாப்போம் தம்பி, அடுத்த மாசம் ஆகட்டும்.” தோழர்களே, இந்த வாசகத்தை எங்கே கேட்டிருக்கிறோம்? ஆபீஸ் வாசலில், எத்தனை வருஷம், எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

மூன்றாம் வாரம், சாய்ந்த பால்மரம் ஒன்றை மேட்டிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எங்களில் ஒருவர் சங்கிலியைத் தாழ்வான இழுகம்பியில் மாட்டாமல், மேலே உள்ள இணைப்பில் மாட்டிவிட்டார். அச்சுக்கு மேலே இருந்து இழுத்தால் பாரம் நகராது; வண்டி தன் பின்னச்சையே சுற்றி மல்லாக்கத் தூக்கும். முன் சக்கரங்கள் எழும்பின. தம்பி சட்டென்று கிளட்சை மிதித்தார். முன்பக்கம் ‘தொம்’ என்று தரையில் விழுந்தது. அவர் இன்று உயிரோடு இருப்பது அவர் காலின் வேகத்தால். எங்கள் யோக்கியதையால் அல்ல.

அன்று மாலை லயத்துத் திண்ணையில் கூட்டம். தம்பி அதிகம் பேசவில்லை. “அண்ணே, தொரைகிட்டக் கேட்டதத்தான் உங்ககிட்டக் கேக்குறேன். அவரும் இல்லன்னாரு, நீங்களும் இல்லன்னா, நான் யாருகிட்டப் போவேன்?” என்றார். பதில் சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை.

பிறகு திறந்தன. திறந்து என்ன பேசின என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

‘இத்தனை வருஷம் இல்லாமல் ஓடியதே!’ என்றார் ஒருவர். இத்தனை வருஷம் இல்லாமல் ஓட்டியது யார் பணத்தை மிச்சப்படுத்த? சுவீடன் நாடு புதிய டிராக்டர்களுக்குக் காப்பு வளைவைக் கட்டாயமாக்கியது 1959இல். எங்கள் வண்டி பிறந்த பிரிட்டனில் 1970 முதல் புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயம். 1977 முதல் கூலி ஆள் ஓட்டும் பழைய டிராக்டர்களுக்கும் கட்டாயம். பிறந்த ஊரில் கூலிக்காரனை ஏற்றக் கூடாத நிலையில் உள்ள வண்டியில், எங்கள் கூட்டாளியை ஏற்றியிருக்கிறோம்!

‘கைதேர்ந்த ஓட்டுநருக்கு அது எதற்கு?’ என்றார் இன்னொருவர். வண்டி மல்லாக்க ஒன்றிரண்டு விநாடி போதும். ஈர மண்ணும் வடிகால் ஓரமும் அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்பதில்லை.

‘காசு ஏது?’ என்றார் மூன்றாமவர். நியாயமான கேள்வி. ஆனால் வர்ணத்துக்குக் காசு ஏது என்று யாரும் கேட்கவில்லையே? ‘நம்ம ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டிக்கொள்வோம்’ என்றும் யோசனை வந்தது. வண்டியின் பாரம் விழும்போது முறிகிற குழாய், காப்பு அல்ல, இன்னொரு ஆயுதம். அந்த ரகத்துக்கென்றே செய்து சோதித்த வளைவை, அச்சு உறையில் ஓட்டை போடாமல், உரிய போல்ட்டுகளால் பூட்ட வேண்டும். அதோடு இடுப்பு வாரும் வேண்டும். வளைவு இருந்து வார் கட்டாவிட்டால் ஆள் வெளியே எறியப்படுவார்.

முடிவு என்ன? வண்டியை நிறுத்தினோம். பிரேக், ஸ்டார்ட் பூட்டு, தண்டு மூடி, காப்பு வளைவு, வார் எல்லாம் முடிகிற வரை ஒரு நிரைகூட வெட்டவில்லை. கையில் இருந்த புல்வெட்டுக் காண்டிராக்ட் வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு குடும்பங்கள் பங்கைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டன. நட்டம்தான், கணக்கில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். ஆனாலும் ஓர் உயிரின் விலை அதில் இல்லை.

பழைய டிராக்டர் வாங்கும் தோழர்களே, எங்களைப் பார்த்துத் திருந்துங்கள். விலை பேசும்போதே காப்பு வளைவின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள். அந்தத் தொகை இல்லையென்றால் வண்டி வாங்கும் தொகையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் கடைசியில். பாரத்தைத் தாழ்வான இழுகம்பியில் மட்டும் மாட்டுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து அழகு பார்க்காதீர்கள். ஓட்டுநரைச் சொக்சோவில் பதியுங்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ‘வண்டி சரியில்லை, ஏறமாட்டேன்’ என்று ஓட்டுநர் சொன்னால், அன்றைய கூலியைப் பிடிக்காமல் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பெரிய முதலாளியை மட்டும் கட்டுவதல்ல. சின்னஞ்சிறு கூட்டு முதலாளிகளான நம்மையும் கட்டும்.

துரையிடம் நாம் கேட்ட நியாயத்தை, நம்மிடம் ஒருவன் கேட்கும்போது தட்டாமல் கொடுக்கிற நாளில்தான் நாம் சொந்தக்காரர்கள். அதுவரை கைமாறியது வண்டி மட்டுமே, முதலாளித்தனம் மாறவில்லை!