தலைவருக்கும் மேலே ஒரு சட்டம்

வெனிஸ் நகரின் டோஜ் அரண்மனையில் பெருமன்ற மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. கூரையை ஒட்டி, அந்தக் கடல் குடியரசின் தலைவர்களான டோஜ்களில் முதல் 76 பேருக்கு வரிசையாக இடம் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் முகம் இல்லை. அங்கே கருந்துணி ஒன்றை வரைந்து, குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்ட மரினோ ஃபலியேரோவின் இடம் இது என்று லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். 1577-இல் மண்டபம் தீக்கிரையானது. எல்லாப் படங்களையும் புதிதாக வரைய வேண்டி வந்தது. சம்பவம் நடந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும் அந்த இடத்தை அவர்கள் நிரப்பவில்லை, மறைக்கவும் இல்லை.

ஃபலியேரோ சாதாரணமானவர் அல்லர். பழம்பெரும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1346-இல் ஸாரா நகர முற்றுகையில் வெனிஸின் தரைப்படையை நடத்தி, ஹங்கேரி மன்னரின் படையைத் தோற்கடித்தவர். அரசுக்கு எதிரான சதிகளை விசாரிக்க 1310-இல் அமைக்கப்பட்ட பதின்மர் குழுவிலும் பலமுறை உறுப்பினராக இருந்தவர். 1354 செப்டம்பரில் அவரை டோஜாகத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஊரில்கூட இல்லை. அவிஞ்ஞோனில் போப்பின் அவையில் தூதராக இருந்தார். வயது எழுபதை ஒட்டியிருந்தது. அனுபவம், வீரம், குலப்பெருமை என்று ஒரு தலைவரிடம் நாம் தேடும் எல்லாமே அவரிடம் இருந்தன.

ஆனால் வெனிஸ் தகுதியை மட்டும் நம்பிய ஊர் அல்ல. 1268 முதல் டோஜைத் தேர்ந்தெடுக்கும் முறையே ஒரு கோட்டைபோல் இருந்தது. பெருமன்றத்திலிருந்து சீட்டுப் போட்டு முப்பது பேர். அவர்களிலிருந்து சீட்டுப் போட்டு ஒன்பது பேர். அந்த ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கும் நாற்பது பேர். இப்படிக் குலுக்கலும் தேர்வும் மாறி மாறி நடந்து, கடைசியில் 41 பேர் கூடுவார்கள். அவர்களில் 25 பேராவது ஆதரித்தால்தான் ஒருவர் டோஜ். எந்தக் குடும்பமும் பணத்தாலோ ஆள்பலத்தாலோ முடிவை முன்கூட்டி வாங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். பதவி ஏற்பவர் நீண்ட உறுதிமொழி ஒன்று எடுக்க வேண்டும். வெளிநாட்டு மன்னர்களின் கடிதத்தைத் தனியாகப் பிரிக்கக் கூடாது. ஆறு ஆலோசகர்கள் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது. பொன்னாடையும் தொப்பியும் டோஜுக்கு; அதிகாரம் மன்றங்களுக்கு.

ஃபலியேரோ பதவியேற்ற காலம் கொடுமையானது. 1348-இன் கொள்ளைநோய் நகர மக்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது. பரம எதிரியான ஜெனோவாவுடன் போர் ஓயவில்லை. 1354 நவம்பரில், கிரேக்கக் கரையோரம் போர்ட்டோலுங்கோவில், வெனிஸின் கடற்படை முழுவதையும் ஜெனோவாவின் தளபதி பகானினோ டோரியா பிடித்துக்கொண்டு போனார். தோல்விக்குப் பிரபுக்களே காரணம் என்று மாலுமிகளும் கைவினைஞர்களும் கொதித்தார்கள். கொதிக்கக் காரணமும் இருந்தது. 1297-இல் பெருமன்றத்தின் கதவைப் பிரபுக் குடும்பங்கள் தங்களுக்கென்று அடைத்துக்கொண்டிருந்தன. கப்பலைக் கட்டியவனுக்கும் ஓட்டியவனுக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

அந்தக் கோபத்தைத்தான் ஃபலியேரோ தனக்குப் பயன்படுத்திக்கொண்டார். மிக்கேலே ஸ்தேனோ என்ற இளம் பிரபு அவரது குடும்பத்தை இழிவாக எழுதியதும், அதற்குக் கிடைத்த லேசான தண்டனையும்தான் அவர் சதியில் இறங்கக் காரணம் என்று பிற்காலக் கதை ஒன்று உண்டு. ஆங்கிலக் கவிஞர் பைரனின் நாடகம் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் காலத்து இத்தாலிதான். மிலானை விஸ்கோந்தி குடும்பம் ஆண்டது. ஜெனோவாவே 1353-இல் தன்னை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்துக்கொண்டது. ஊர் ஊராகக் குடியரசுகள் ஒற்றை மனிதரின் கைக்குள் போய்க்கொண்டிருந்தன. வெனிஸிலும் அது நடக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கப்பல் அதிகாரி பெர்துச்சியோ இசரெல்லோவும் கற்பணியாளர் ஃபிலிப்போ கலெந்தாரியோவும் கூட்டாளிகள். 1355 ஏப்ரல் 15 இரவு, ஜெனோவாக்காரர்கள் வந்துவிட்டதாக மணி அடிப்பது, சதுக்கத்துக்கு ஓடிவரும் பிரபுக்களை வெட்டுவது, டோஜை நகரின் அதிபதியாக அறிவிப்பது என்று திட்டம். அது முன்கூட்டியே கசிந்தது. பதின்மர் குழு இன்னும் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு விசாரித்தது. இசரெல்லோவையும் கலெந்தாரியோவையும் அரண்மனையிலேயே தூக்கிலிட்டார்கள். தானே பலமுறை அமர்ந்திருந்த குழுவின் முன் டோஜ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று அரண்மனைப் படிக்கட்டில் அவரது தலை வெட்டப்பட்டது. பதவியேற்று ஏழு மாதம்கூட ஆகவில்லை. சில நாட்களில் முறைப்படி ஜொவான்னி கிராதெனிகோ அடுத்த டோஜானார். குடியரசின் இயக்கம் ஒரு நாள்கூட தடைபடவில்லை.

இங்கே இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எதேச்சதிகாரத்தைத் தடுத்தது வெனிஸின் அமைப்பு, அது பெருமை. சதியில் சேர்ந்த உழைக்கும் மனிதர்களின் மனக்குறையை அதே அமைப்பு கேட்கவே இல்லை, அது குறை. கதவு அடைபட்டவர்கள் இருக்கும் வரை, அவர்கள் பெயரைச் சொல்லி எல்லா அதிகாரத்தையும் தன் கையில் கேட்கும் ஒரு தலைவர் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருப்பார். ஃபலியேரோ ஜெயித்திருந்தால் மாலுமிக்கு மன்றத்தில் இடம் கிடைத்திருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவர் கேட்டது மக்களாட்சியை அல்ல, தனக்கான அரசை.

ஃபலியேரோவுக்குப் பிறகு 442 ஆண்டுகள், 1797-இல் நெப்போலியன் வரும் வரை, அந்தக் குடியரசு நின்றது. எல்லா டோஜ்களும் உத்தமர்களாக வாய்த்ததால் அல்ல. உத்தமர் அல்லாதவர் வந்தாலும் கையைக் கட்டும் ஏற்பாடு இருந்ததால். தேர்தல் வந்தால் நல்லவர் யார், வல்லவர் யார் என்றுதான் நாம் பேசுகிறோம். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இவர் தவறினால் தட்டிக்கேட்கும் மன்றமும் நீதிமன்றமும் நம்மிடம் உயிரோடு இருக்கின்றனவா? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நாட்டில், எவ்வளவு நல்ல தலைவர் வந்தாலும் அது வெறும் அதிர்ஷ்டம்தான்.