சூரியன் பொது, மின்சாரம் யாருடையது?

நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியையும் எரிவாயுவையும் சாராதது என்ற நிலையை 2025 ஜூனில் இந்தியா எட்டியது. அப்போது ஏறத்தாழ 4,85,000 மெகாவாட்டில் 2,42,000 மெகாவாட்டுக்கு மேல் சூரியன், காற்று, நீர், அணு முதலியவற்றிலிருந்து வந்தது. பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் 2030க்கென அளித்த வாக்குறுதி ஐந்தாண்டு முன்னதாகவே நிறைவேறிவிட்டதாக ஒன்றிய அரசு பெருமை பேசியது. ஆனால், ஏழைக் குடும்பத்தின் மின்கட்டண ரசீதில் இந்தச் சாதனையின் சுவடு ஏதும் இல்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் விலை கிடையாது என்றால் மின்சாரம் ஏன் மலிவாகவில்லை என்று மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முதலில் அந்தப் ‘பாதி’யைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. நூறு மெகாவாட் சூரியத் தகடுகள் இரவு, மேகம், மழை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால் ஆண்டுச் சராசரியில் தருவது 20 முதல் 25 மெகாவாட் மட்டுமே. ஆகவேதான் திறனில் பாதியை எட்டிய பிறகும், நாட்டில் உற்பத்தியாகும் பத்து யூனிட்டுகளில் ஏறத்தாழ ஏழு யூனிட் இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இதைச் சொல்வது சூரிய மின்சாரத்தைக் குறைகூறுவதாகாது. புவி வெப்பமாதலின் கொடுமையைக் குளிரூட்டிய அறைகளில் இருப்போர் அறிவதற்கு முன்பே கட்டுமானத் தொழிலாளியும் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணும் உடலால் அறிந்துவிட்டார்கள். நிலக்கரியிலிருந்து விலகியே ஆகவேண்டும். யாருடைய செலவில், யாருடைய உடைமையாக என்பதே இன்றைய தகராறு.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்திலுள்ள பாவகடா இதற்குத் தெளிவான சான்று. வறட்சிக்குப் பேர்போன வட்டம் அது. அங்கே திருமணி உள்ளிட்ட ஐந்து கிராமங்களின் சுமார் 13,000 ஏக்கர் நிலத்தில் 2,050 மெகாவாட் திறன்கொண்ட சூரியப் பூங்கா அமைந்துள்ளது. 2018இல் தொடங்கி 2019 இறுதியில் முழுமை பெற்றது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, 28 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயர்வு. நிலம் உழவரின் பெயரிலேயே இருக்கும். உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்படும் ஏற்பாடு இது. வானம் பார்த்த பூமியில் கடலை விதைத்து நட்டப்பட்ட விவசாயிக்கு நிச்சயமான வருமானம் கிடைத்தது உண்மைதான். அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால், அந்தக் கடலைக்காட்டில் களையெடுத்துப் பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நிலமில்லாத கூலித் தொழிலாளர்களும், அறுவடை முடிந்த வயல்களில் ஆடு மேய்த்தவர்களும் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. இவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். வேலிக்குள் போன நிலத்தோடு அவர்களது வேலையும் போயிற்று. காவல் காப்பது, புல் வெட்டுவது, தகடு துடைப்பது என மிஞ்சியவை ஒப்பந்தக் கூலி வேலைகளே, அதுவும் சிலருக்கு. ஐம்பது ஏக்கர்காரருக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் குத்தகை. கூலிக்காரருக்குப் பெங்களூருக்குப் பேருந்து.

இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் அல்ல. போராடிப் பெற்ற 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதன் வரையறைக்குள் நிலவுடைமையாளரை மட்டுமின்றி, அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டுகள் வாழ்ந்த விவசாயத் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் சேர்த்தது. ‘கையகப்படுத்தல்’ என்பதைக் ‘குத்தகை’ என்று மாற்றிய கணத்தில் அந்தப் பாதுகாப்பு முழுவதும் பொருந்தாமல் போகிறது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்பிலிருந்து சூரியப் பூங்காக்கள் விலக்கப்பட்டுள்ளன. எனவே பொதுக் கருத்துக்கேட்பும் கிடையாது. பதின்மூவாயிரம் ஏக்கரின் பயன்பாடு மாறுகிறது. ஊர் மக்கள் எழுந்து நின்று பேசச் சட்டப்படி ஒரு கூட்டம்கூட இல்லை. ராஜஸ்தானின் மேய்ச்சல் நிலங்களிலும் கோயில் காடுகளான ஓரண்களிலும் கால்நடை வளர்ப்போர் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

இனி விலைக்கு வருவோம். ராஜஸ்தானின் பட்லா பூங்காவில் 2017இல் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசு. குஜராத்தில் 2020 டிசம்பர் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. சூரிய மின்சாரம் மலிவு என்பதில் ஐயமில்லை. அந்த மலிவு வீடு வந்து சேராததற்குக் காரணங்கள் உண்டு. தனியார் அனல்மின் நிலையங்களோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களின்படி, மின்சாரம் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைப் பகிர்மானக் கழகங்கள் செலுத்தியாக வேண்டும். மலிவான மின்சாரத்தைப் பெரிய நுகர்வோர் நேரடியாகவே வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் விதிகள் அதற்கான வரம்பை ஒரு மெகாவாட்டிலிருந்து நூறு கிலோவாட்டாகக் குறைத்தன. 2025 ஜூன் இறுதிவரை இயங்கத் தொடங்கிய திட்டங்களுக்கு மாநிலங்களுக்கிடையேயான மின்தொடர்க் கட்டணமும் தள்ளுபடி. கூடுதல் கட்டணம் தந்து ஏழைகளின் மின்சாரத்தைத் தாங்கிய தொழிற்சாலைகளும் வணிக வளாகங்களும் கழன்றுகொள்கின்றன. கழகத்தின் தலையில் மிஞ்சுவது குடிசைகளும் பம்புசெட்டுகளும் பழைய கடனும்.

இரவில் என்ன செய்வது என்பது மக்கள் அடிக்கடி கேட்கும் மற்றொரு கேள்வி. ஒன்றிய அரசிடம் இதற்கு விசித்திரமான ஒரு விடை இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வெயில் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 விழுக்காடு குறையும். உச்சநேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு கூடும். விவசாயம் தவிர்த்து, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய எல்லோருக்கும் இது என்பது திட்டம். பகல் முழுவதும் ஆலையிலும் தெருவிலும் உழைத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி விளக்குப் போடும் குடும்பத்துக்கு அபராதம் விதிப்பதற்கு நுகர்வோர் ‘உரிமை’ என்று பெயர்.

இரவுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கிச் சுழலிகளை ஓட்டும் நீரேற்று மின்நிலையங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. தமிழ்நாடு மின்வாரியம் ஆனைமலையில் கட்டிய கடம்பாறை நிலையம் 400 மெகாவாட். இடதுமுன்னணி ஆட்சிக் காலத்தில் மேற்குவங்கத்தின் அயோத்தியா மலையில் கட்டப்பட்ட புருலியா நிலையம் 900 மெகாவாட். இரண்டும் பொதுத்துறை. இன்றோ மின்சேமிப்பும் தனியாருக்கு ஏலம் விடப்படுகிறது. மாலைநேர மின்சாரத்தைக் கையில் வைத்திருப்பவரே நாளை விலையைத் தீர்மானிப்பார். கட்ச் பாலைவனத்தில் கவ்டாவில் 30,000 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்ட உலகின் மிகப்பெரிய பூங்காவிலும் ஆகப்பெரிய பங்கு அதானி குழுமத்தினுடையதுதான்.

தகடுகளின் கதையும் வேறல்ல. இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தை 1977இல் உருவாக்கியது உத்தரப்பிரதேசத்தின் சாகிபாபாத்தில் இயங்கும் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். அந்த அறிவின்மீது முதலீடு செய்திருந்தால் இந்தியா இன்று இறக்குமதிக்குக் கையேந்தியிருக்காது. மாறாக, அதே நிறுவனத்தை 2021இல் 210 கோடி ரூபாய்க்குத் தனியாருக்கு விற்க மோடி அரசு முடிவெடுத்தது. ஊழியர் சங்கம் நீதிமன்றம் சென்றது. விற்பனை நிறுத்திவைக்கப்பட்டு, 2022இல் ரத்தானது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அயல்நாட்டுத் தகடுகளுக்கு 40 விழுக்காடு இறக்குமதி வரி போட்டு, ‘சுயசார்பு’ பற்றி இதே அரசு முழங்கியது!

ஜார்க்கண்டின் தன்பாத், சத்தீஸ்கரின் கோர்பா, ஒடிசாவின் தால்சேர் ஆகிய நிலக்கரி வட்டாரங்களில் சூரியப் பூங்காக்கள் எழவில்லை. அவை ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தென்மாநிலங்களிலும் எழுகின்றன. கோல் இந்தியாவின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்களுக்கேனும் ஓய்வூதியம் உண்டு. சுரங்கத்தை நம்பிய ஒப்பந்தத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், சைக்கிளில் நிலக்கரி சுமந்து விற்போர் பற்றி எந்த மாற்றுத் திட்டமும் இல்லை.

இந்தச் சூழலில்தான் 2025 அக்டோபரில் மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவு வெளியானது. அரசுக் கழகம் போட்ட கம்பிகளின்மீதே பல தனியார் விநியோகம் செய்யவும், தொழிற்சாலைகள், ரயில்வே, மெட்ரோ ஆகியவை தந்துவரும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்கவும் அது வழிவகுக்கிறது. மின் ஊழியர்களும் விவசாயிகள் அமைப்புகளும் அதை எதிர்த்துக் களம் கண்டுள்ளனர். அவர்களது கோரிக்கைப் பட்டியலில் இன்னும் சில சேர வேண்டும்: சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கான குத்தகை நிலத்துக்கும் 2013 சட்டத்தின் மறுவாழ்வுப் பிரிவுகள் பொருந்த வேண்டும், கிராமசபையின் ஒப்புதலின்றி மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடக்கூடாது, பூங்காக்களின் வருவாயில் ஒரு பங்கு, நிலமற்றோரின் பெயரில் ஊராட்சிக்கு ஆண்டுதோறும் வந்து சேர வேண்டும்.